சூடாவதற்குள் கேட்க வேண்டிய சத்தம்

கார்த்திகை பிறந்த பிறகு எங்கள் வீட்டுக் காருக்குக் காலையில் மட்டும் ஒரு நடுக்கம் வந்தது. சாவியைத் திருகியதும் எஞ்சின் எழுந்துகொள்ளும். ஆனால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடக்கும் ஆட்டைப் போல, நடுநடுவே ஓர் அடியை விழுங்கிவிட்டு ஓடும். ஸ்டியரிங் கைக்குள் உதறும். மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் போட்ட விளக்கு கண்ணைச் சிமிட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முன்னால் போவதற்குப் பதில் தும்மும். இதெல்லாம் ஐந்தாறு நிமிடம்தான். ராசிபுரம் சாலையைத் தொடுவதற்குள் எல்லாம் சரியாகி, எதுவுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்துவிடும்.

நான் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வீடு வெண்ணந்தூரைத் தாண்டி, குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில். கார் வெட்டவெளியில்தான் நிற்கும். குளிர்காலத்தில் போதமலையிலிருந்து இறங்கும் பனி முழுவதும் முதலில் அதன் தலையில்தான் விழும். சேலத்தில் ஓர் ஆசிரியரிடமிருந்து கைமாறி வந்த பெட்ரோல் கார் அது. வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். வீட்டில் மாமனார், மாமியார், நான்.

முதல் வைத்தியம் போனில் நடந்தது. ஒரு காலையில் கணவரைக் கூப்பிட்டேன்.

“போனை எஞ்சின் பக்கத்துல புடி,” என்றார்.

பானெட்டைத் தூக்கி, போனைப் பிடித்தேன். அந்தப் பக்கம் ரிக்கின் கம்ப்ரசர் அலறிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் காரைக் கேட்டாரா, தன் கம்ப்ரசரைக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

“புரிஞ்சுபோச்சு. நீ கிளச்ச வெடுக்குனு உடற.”

“ஏனுங்க, வண்டி நின்னுட்டு இருக்குதுங்க. நான் கியரே போடலீங்க.”

ஒரு நிமிடம் யோசித்தார். “சரி, போடறப்ப மெதுவா உடு.”

அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. கார் நடுங்குவதற்குக் காரணம் என் இடது கால் என்று. மாமியாரே ஒருநாள் என் பாதத்தைப் பார்த்துவிட்டு, “வேற செருப்பு போட்டுப் பாரேன் கண்ணு,” என்றார்.

மாமனார் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. “கிளச்சு இல்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஒருவராவது என் பக்கம் இருக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, ராசிபுரத்தில் எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாத மனிதர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்தார். பிறகு தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி பஸ் நிலையம் வரை போய்வந்தார்.

“தங்கமாட்ட ஓடுதுங்க மேடம்.”

“இப்ப ஓடுங்க. காலைல பாருங்க, அந்த ஆட்டம் ஆடுது.”

அவர் கைக்கு அடங்கும் ஒரு கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினார். “காலைல லைட் எரிஞ்சிருந்தா இதுல பதிஞ்சிருக்கோணுமுங்க. ஒண்ணையுமே காணோமே,” என்றார்.

“எரிஞ்சுதுங்க. இன்னைக்குக் காலைலகூட.”

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. இரவெல்லாம் வயிற்றுவலியில் துடித்தேன் என்பார்கள்; டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் எங்கே வலித்தது என்று காட்டத் தெரியாமல் விழிப்பார்கள். அப்படிப்பட்டவர்களை நான் மருந்து ஜன்னலுக்குள்ளிருந்து அதே பார்வைதான் பார்த்திருக்கிறேன். அதற்காக அன்று ராசிபுரத்தில் நின்றுகொண்டு அவர்கள் எல்லோரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

இருந்தாலும் அவர் நல்ல மனிதர். “சூடான வண்டில தெரியாதுங்க. நானே காலைல ஊட்டுக்கு வாரேனுங்க. நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க,” என்றார்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் காலை ஆறரைக்கு வருவதாக ஏற்பாடு. முந்தின நாளே வீட்டில் சொல்லிவைத்தேன். மாமியார் மெக்கானிக் என்று எடுத்துக்கொள்ளவில்லை, விருந்தாளி என்று எடுத்துக்கொண்டார். விடியுமுன் எழுந்து சந்தகைக்கு, அதாவது எங்கள் பக்கத்து இடியாப்பத்துக்கு, மாவு வேகவைத்துவிட்டார். நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது கார்ப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மாமனார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் சாவியைத் திருகத் தெரியும். வண்டி மெத்தென்று ஓடிக்கொண்டிருந்தது.

“என்னங்க மாமா பண்றீங்க!”

“வர்றவரு காத்துட்டு நிக்கப்படாதில்ல சாமி. அதான் அரைமணி நேரமா ஓட உட்டு ரெடி பண்ணி வெச்சிருக்கறேன்.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரால் பேட்டரி ஒயரைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் பைக் உள்ளே வந்தது.

“ஐயா, அது எதுக்குங்க கழட்டறீங்க?”

“இந்த மஞ்ச லைட்டு இருக்குதுல்ல, அது எரிஞ்சுட்டே இருக்குது சாமி. மருமவப் புள்ள பாக்கறப்பெல்லாம் பயந்துக்குது. ஒயர ஒருக்கா எடுத்து மாட்டுனா அணைஞ்சுபோவுது. உங்க கடைக்கு வந்தப்பக்கூட எடுத்து மாட்டித்தான் அனுப்பிச்சேன். வெளியிடத்துக்குப் போற வண்டி பாக்க நல்லா இருக்கோணுமில்ல?”

மெக்கானிக் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. “ஐயா, அந்த லைட்டுதானுங்க எனக்குச் சாட்சி. ஒயரக் கழட்டுனா வண்டி எல்லாத்தையும் மறந்துபோயிருமுங்க.”

மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. அந்தக் குற்ற உணர்ச்சி முழுவதும் மெக்கானிக்கின் தட்டில் சந்தகையாக விழுந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி, மறுபடியும் வைத்து, வேண்டாம் என்று கையை மறைத்தபோது விரல் இடுக்கில் வைத்து. அவர் சாப்பிட்டு முடித்து, மரியாதைக்காகச் சூடான எஞ்சினை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

மூன்றாவது முயற்சிக்கு, காரையே அவரிடம் இரவு விட்டுவிடுவது என்று முடிவானது. அதற்குள் அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில், திறந்த வெளியில், காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்தேன். ஞாயிறு காலை பூஜை முடித்து முதல் வேலையாக ஸ்டார்ட் செய்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு நான் போனபோது அவர் வெறுமனே நின்றுகொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். நான் பூஜைல இருந்தனுங்க. ஊட்டுல வாசல் தெளிக்கோணும்னு வண்டிய நகத்திட்டாங்க.”

உள்ளேயிருந்து அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். “நகத்துனனுங்க. கோலம் எங்க போடறது? ஆனா அக்கா, வண்டி என்னங்க அப்படி உதறுது? குளுருல நிக்கற கன்னுக்குட்டியாட்ட. ரெண்டு தடவ அணைஞ்சும் போச்சு.”

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் முதல் சாட்சி. மெக்கானிக் தன் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னபோது வராத நம்பிக்கை அவர் முகத்தில் இப்போது வந்திருந்தது. நான் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. கருவியைச் சொருகிப் பார்த்தார்.

“மிஸ்ஸிங்னு காட்டுதுங்க, ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியறதில்ல. ஆனா நாலு சிலிண்டர்ல எதுன்னு காட்டல. நானே காதுல கேட்டாத்தான் புடிக்க முடியும்.”

“இன்னைக்கும் இங்கயே உட்டுட்டுப் போறனுங்க.”

“வாசல்லயா?” என்றார் அவர் மனைவி. “நாளைக்கு மார்கழி பொறக்குதுங்க அக்கா. ஒரு மாசத்துக்கு என்ற வாசல்ல ஒரு வண்டி நிக்கப்படாது.” அதில் மேல்முறையீடு இல்லை என்பது மெக்கானிக்கின் முகத்திலேயே தெரிந்தது. கடைக்குள் விடலாமென்றால் தகரக் கொட்டகை, பனி படாது. எங்கள் வீட்டுக்கு வரலாமென்றால் அவருக்குக் காலையில் பூஜை.

“ஸ்டார்ட் பண்ணாம இங்க கொண்டுவர முடிஞ்சா நல்லதுங்க,” என்றார் தயங்கியபடி.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தகை போட்ட நாளிலிருந்து அவர் ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்தார் போல. “அதுக்கென்ன சாமி? டிராக்டர்ல கட்டி இழுத்தாப் போச்சு.”

அப்படித்தான் அடுத்த ஞாயிறு காலை, நன்றாக ஓடக்கூடிய ஒரு காரை, டிராக்டரின் பின்னால் லாரிக் கயிற்றால் கட்டிக்கொண்டு, பத்து கிலோமீட்டர் கிளம்பினோம். பனி மூட்டத்தில் முன்னால் மாமனாரின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. எஞ்சின் ஓடாத காரின் ஸ்டியரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போல இருந்தது. பிரேக் கட்டையாக இறுகியிருந்தது. இரண்டு காலையும் சேர்த்து அழுத்தவேண்டியிருந்தது. மாமனார் நடக்கும் வேகத்தில்தான் ஓட்டினார். ஆனால் நூறடிக்கு ஒருமுறை நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்ப்பார். திரும்பும்போது டிராக்டரும் கூடவே திரும்பும். நான் ஹாரன் அடிப்பேன். அதை ஏதோ ஆபத்து என்று நினைத்து அவர் மறுபடியும் திரும்பிப் பார்ப்பார்.

பாதி வழியில் பால்கேனோடு வந்த உறவுக்காரர் ஒருவர் மொபெட்டை நிறுத்தினார்.

“ஏனுங்க மாமா, வண்டி படுத்துருச்சுங்களா?”

“இல்லீங்க மாப்ள. நல்லா ஓடுது,” என்றார் மாமனார்.

“பொறவு எதுக்குங்க கட்டி இழுக்கறீங்க?”

“ஓட்டுனா சரியாப் போயிருமுங்க.”

உறவுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைக்குள் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் புத்தி சரியில்லை என்று ஒரு பேச்சு கிளம்பியதாகப் பிறகு மாமியார் சொன்னார்.

அடுத்து ஒரு லாரி டிரைவர். கோழித்தீவன மூட்டை ஏற்றிய லாரியை ஓரம் கட்டிவிட்டு இறங்கியே வந்துவிட்டார். “சும்மா சாவிய ஆன் பண்ணுங்கக்கா, செகண்ட் கியர்ல போட்டு கிளச்ச உடுங்க, ஒரே தள்ளுல ஸ்டார்ட் ஆயிரும்,” என்று ஜன்னலுக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடினார். நான் சாவியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். “வேண்டாமுங்க, தயவுபண்ணி உட்டுருங்க!” என்று கத்தினேன். உதவ வந்த மனிதர் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினார். அவரை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியது. கடை வாசலில் மெக்கானிக் பூஜை முடித்த திருநீற்றோடு தயாராக நின்றார். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கருவி எல்லாம் துணியில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். மாமனார் டிராக்டரிலிருந்து இறங்கி அவரைக் கும்பிட்டார். பிறகு என்னிடம், “சாமி, சாமி சொல்றப்ப மட்டும் சாவியத் திருகு,” என்றார். எங்கள் பக்கம் சின்னவர் பெரியவர் எல்லோரும் சாமிதான். இதில் மாலை போட்ட சாமி எது, மருமகள் சாமி எது என்று அவருக்கு மட்டும் குழப்பம் வராது.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. தலையசைத்தார். நான் திருகினேன்.

கார் ஆடியது. இதுவரை ஆடாத ஆட்டம் ஆடியது. புகைக்குழாய் டுப்பு டுப்பென்று அடைத்து அடைத்து இருமியது. மஞ்சள் விளக்கு படபடத்தது. நான் மகிழ்ச்சியில் ஸ்டியரிங்கைத் தட்டினேன். “கேக்குதுங்களா? கேக்குதுங்களா?”

“கேக்குதுங்க மேடம்!” அந்த அமைதியான மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பின்கட்டிலிருந்து அவர் மனைவி, “நாந்தான் சொன்னனல்லங்க!” என்றார். மெக்கானிக்கின் கை அதற்குள் எஞ்சினுக்குள் போய்விட்டது. சூடாவதற்குள் முடிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்சாரம் கொண்டுபோகும் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடியும் மாட்டினார். முதல் ஒயரைப் பிடுங்கியதும் ஆட்டம் அதிகமாகியது, மாட்டினார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினார். எந்த மாற்றமும் இல்லை. ஆட்டம் முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

“இவந்தாங்க. நல்லா வேலை செய்யறவன நிறுத்துனா ஆட்டம் கூடும். இவன் ஏற்கெனவே சும்மாதான் இருக்கறான். நிறுத்துனா என்ன, நிறுத்தாட்டி என்ன? அணைங்க.”

மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். அதன் வெள்ளைப் பீங்கானில் தலைமுடி போல ஒரு கீறல். கீறலோடு கறுப்பாகக் கரிக்கோடு.

“ராத்திரி பனி ஈரம் இந்தக் கீறல்ல எறங்கிக்குதுங்க. நெருப்பு உள்ள பொறியறதுக்குப் பதிலா ஈரத்து வழியா வெளியவே ஓடிப்போவுது. வண்டி சூடானா ஈரம் காஞ்சுக்குது, பொறவு எல்லாம் சரியாப் போவுது.” அவர் மற்ற மூன்று பிளக்குகளையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். நான்கின் நுனியிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடங்கள். “இதக் கடைசியா யாருங்க கழட்டுனது? வண்டி வாங்குனதுல இருந்து என்கிட்டத்தானே வருது. நான் தொடவே இல்லீங்களே.”

எனக்குத் தெரியவில்லை. மாமனாரிடம் கேட்கலாமென்று திரும்பினேன். அவரைக் காணோம். டிராக்டரின் அந்தப் பக்கம் குனிந்து, நல்ல காற்றோடு இருந்த டயரை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கும் பார்த்தார். பிளக்கைத் துணியில் சுற்றினார். “பழசுங்க மேடம். தானாவே கீறல் உட்டிருக்கும்,” என்று சத்தமாக, டிராக்டர் வரை கேட்கும்படி சொன்னார். புது பிளக் நான்கையும் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை கார் பனியில் நனைந்து நின்றது. சாவியைத் திருகினேன். ஒரு நடுக்கமும் இல்லை. மாமியார் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். எந்தச் சாமிக்கு என்று கேட்கவில்லை.

அந்த வாரம் மாமனாருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்திருந்தது. எங்கள் நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாமென்று என்னோடு கிளம்பினார். ராசிபுரத்தைத் தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த பிளக்க நாந்தான் கீழ போட்டுட்டேன் சாமி.”

நான் வேகத்தைக் குறைத்தேன். சொல்லட்டும் என்று விட்டேன்.

“என்ற மொபெட்டுக்கு மாசாமாசம் பிளக்கக் கழட்டித் தேச்சு மாட்டுவனில்ல? நீயும் தெனம் அவ்வளவு தொலவு போறியே, உன்ற வண்டிக்கும் ஒருக்கா பண்ணிவெப்போம்னு நெனச்சேன். நீ வேலைல இருந்து வந்து தூங்குன ஒரு மத்தியானம். ஒண்ணு கைநழுவி சிமெண்ட் தரைல உழுந்துருச்சு. எடுத்துத் தொடச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. மாட்டிட்டேன்.”

“அப்ப அந்த பேட்டரி ஒயரு?”

“அது நெசமாலுமே லைட்டுக்குத்தான் சாமி,” என்றார் பதறிப்போய். “மறைக்கறதுக்கு இல்ல.” சிறிது தூரம் போன பிறகு, “பாதி லைட்டுக்கு,” என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். மூன்று வாரம் என் காலைக் குறை சொன்னவர்கள் நடுவில் இவர் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் பத்து கிலோமீட்டர் பனியில் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி என்னை இழுத்துப்போனவரும் இவர்தான். காரை ஓரமாக நிறுத்தவேண்டியிருந்தது. சிரிப்பில் கண் மறைத்தது. அவர் முதலில் நான் அழுகிறேன் என்று நினைத்துத் துண்டை எடுத்து நீட்டினார்.

நிலையத்தில் அன்று நல்ல கூட்டம். அவருக்கு ஒரு நம்பர் சீட்டு வாங்கிக் கொடுத்து, வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் ஜன்னலுக்குள் போனேன். மாத்திரை எண்ணிக்கொடுக்கும்போது அவர் குரல் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் பீங்கான் கீறலைப் பற்றி, பனி ஈரத்தைப் பற்றி, சூடானால் ஏன் காய்ந்துவிடுகிறது என்பதைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் கீழே போட்டது என்ற பகுதி மட்டும் வரவில்லை.

“என்ற மொபெட்டும் காலைல இப்படித்தானுங்க மக்கர் பண்ணுது,” என்றார் அந்த மனிதர்.

“வெளியதான நிக்குது? வாங்க, இப்பவே பிளக்கக் கழட்டிப் பாத்தர்லாம்,” என்று மாமனார் எழுந்தார்.

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். “மாமா, உங்க நம்பரத்தான் கூப்பிடறாங்க, வாங்க!”

அவருக்கு முன்னால் இன்னும் பதினாலு பேர் இருந்தார்கள்.